ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போறீங்களா? மாமல்லபுரம் கரையில் ராத்திரி தூங்கிய கதையைக் கொஞ்சம் கேளுங்க

1/
ஐப்பசி பிறந்தாலே இன்பாக்ஸில் வரும் கேள்வி இது: "டாக்டர், மகாபலிபுரம் பக்கம் முதுகில் பையைப் போட்டுக்கிட்டு நடந்தே போய், ரெண்டு நாள் கூடாரத்தில் தங்கப் போறோம். எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்? 10 டிகிரியா, 5 டிகிரியா, ஜீரோ டிகிரியா?" இதுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால் சுமார் 230 வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா பணம் மட்டும் இல்ல, உயிரும் மிச்சமாகும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல அந்தப் பை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் குளிரிலிருந்து. 1861-ல் பிரான்சிஸ் ஃபாக்ஸ் டக்கெட் என்கிற ஆங்கிலேய மலையேறி ஆல்ப்ஸ் மலையில் ஒரு தூக்கப் பையைச் சோதித்துப் பார்த்தார். கம்பளித் துணி, அடிப்பக்கம் ரப்பர் பூச்சு. பனியின் ஈரம் கீழேயிருந்து ஏறக் கூடாது என்பதுதான் யோசனை.

3/
அடுத்து 1876. வேல்ஸ் நாட்டின் நியூடவுன் ஊரில் துணி வியாபாரம் செய்த பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ், 'யூக்ளிசியா ரக்' என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கம்பளிப் போர்வை, அதிலேயே காற்றடைக்கும் ரப்பர் தலையணைக்கு ஒரு பாக்கெட். உடம்பைச் சுற்றி மடித்துக்கொண்டால் பை ஆகிவிடும். 1877-ல் துருக்கியோடு போரில் இருந்த ரஷ்யப் படைக்காக 60,000 பைகளுக்கு ஆர்டர் வந்தது. தபாலில் பொருள் விற்கும் வியாபாரத்துக்கும் இவர் ஒரு முன்னோடி. இன்னிக்கு நாம ஆன்லைனில் ஸ்லீப்பிங் பேக் வாங்குறது ஒரு வகையில் அவர் போட்ட பாதைதான்.

4/
1878 செப்டம்பரில், சரியா இலையுதிர் காலத்தில், எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பிரான்சின் செவென் மலைகளில் 12 நாள் நடந்தார். கூட மாடஸ்டீன் என்கிற கழுதை. அவர் சொல்லிச் செய்யவைத்த தூக்கப் பை வெளியே தண்ணீர் புகாத பச்சை வண்டித் துணி, உள்ளே ஆட்டு ரோமம். ராத்திரி படுக்கை, பகலில் மூட்டை. அது அவரால் தூக்க முடியாத கனம், அதனால்தான் கழுதை. 1888-ல் நான்சென் கிரீன்லாந்து பனிப்பரப்பைக் கடந்தபோது மூன்று மூன்று பேர் ஒரே கலைமான் தோல் பைக்குள் படுத்தார்கள். ஒருத்தர் உடம்புச் சூடு அடுத்தவருக்கு.

5/
இந்த நாலு கதையிலும் எதிரி ஒன்றுதான், குளிர். ஸ்லீப்பிங் பேக் என்பது உங்க உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற ஒரு கூடு. அதுவாகச் சூடு தராது. உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் காற்றுதான் வேலை செய்யுது. சரி, இப்ப நம்ம செங்கல்பட்டுக் கரைக்கு வாங்க.

6/
பக்கத்துச் சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு, அதை எந்த ராத்திரியும் முறியடிக்கல. நீங்க போகப் போகும் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். இந்த ஊரில் ஜீரோ டிகிரி பைக்குள் படுத்தால் என்ன ஆகும்? பத்து நிமிஷத்தில் வியர்க்கும். ஜிப்பைத் திறப்பீங்க. கையை வெளியே விடுவீங்க. அப்புறம் காலையும். கடைசியில் பையை விரிப்பாப் போட்டு அதுமேலே படுத்திருப்பீங்க. அதாவது வெறும் தரையில்.

7/
இங்கேதான் விஷயம் இருக்கு. இந்தக் கரையில் ராத்திரியின் ஆபத்து மேலேயிருந்து இறங்கும் குளிர் இல்ல. தரையில் ஊர்ந்து வருவதும் காற்றில் பறந்து வருவதும்தான். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும், வயலில் தண்ணி நிற்கும், வளைகளுக்குள் வெள்ளம் போகும். எலியும் தவளையும் மேட்டுக்கு வரும். அதைத் தேடிப் பாம்பும் மேட்டுக்கு வரும். நீங்க கூடாரம் போட்டிருக்கும் இடமும் மேடுதானே?

8/
மாமல்லபுரம் ஊருக்குள் இருக்கும் பெருமாள் கோயிலின் பெயரைக் கவனிச்சிருக்கீங்களா? தலசயனப் பெருமாள். தலத்தில், அதாவது தரையில், பள்ளிகொண்டவர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகையில் பல்லவர் காலச் சிற்பம், பாம்பணை மேல் அறிதுயில் கொள்ளும் திருமால். தரைப்படுக்கையும் பாம்பும் இந்த ஊருக்குப் புதுசு இல்லீங்க. ஆனா சாமிக்கு ஆகாதது ஒண்ணும் இல்ல, நம்ம நரம்பு மண்டலம் வேற.

9/
சோழமண்டலக் கரையின் பாம்புகளை முதன்முதலில் நவீன முறையில் ஆராய்ந்தவர் ஒரு டாக்டர். பேட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரா இருந்தவர். கம்பெனிச் செலவில் 1796-ல் அவருடைய புத்தகம் வந்தது, சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றியது. எது விஷப்பாம்பு, எது இல்லை என்று படத்தோடு காட்டுவது அதன் முக்கியமான வேலை. கண்ணாடிவிரியனுக்கு ஆங்கிலத்தில் இன்னும் அவர் பெயர்தான்.

10/
அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குப் பேர்போன மருந்து 'தஞ்சாவூர் மாத்திரை'. அதில் ஆர்சனிக், அதாவது பாஷாணம் சேர்ந்திருந்தது. ரஸ்ஸல் அதையும் விலங்குகளில் சோதித்துப் பார்த்தார். பாம்புக்கடியில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் கிடையாது. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. அதனால் எந்த மருந்தைக் கொடுத்தாலும், எந்த மந்திரத்தைச் சொன்னாலும் பலர் பிழைப்பாங்க. மருந்துக்குப் பெயர் கிடைச்சுடும். இன்னிக்கும் பச்சிலை வைத்தியத்தில் உயிர் போகும் கதைக்கு அடிப்படை இதுதான்.

11/
1870-களில் ஜோசப் ஃபேரரும் லாடர் பிரண்டனும் நாகப்பாம்பு விஷத்தை ஆராய்ந்தார்கள். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விஷம் ஏறிய விலங்குக்குச் செயற்கையா மூச்சு கொடுத்தால் இதயம் தொடர்ந்து துடிக்குது. அதாவது இந்த விஷம் கொல்லும் வழி மூச்சுத் தசைகளை முடக்குவது. சரியான திசையில் வைத்த அடி. ஆனா ஒரு மனுஷனுக்கு நாள்கணக்கில் மூச்சு கொடுக்கும் வசதி அப்ப எங்கே இருந்தது? 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, கையாலேயே பையை அமுக்கி, நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிற யோசனையே அங்கேதான் வேர் விட்டது.

12/
நடுவில், 1890-களின் மத்தியில், ஆல்பெர் கால்மெத் விஷமுறிவு மருந்தை உருவாக்கினார். சைகோனில் பணியாற்றியபோது பாம்புக்கடிச் சாவுகளைப் பார்த்தவர் அவர். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பது அந்த முறை. அடிப்படை இன்றும் அதேதான்.

13/
குதிரைக்கு ஏற்ற விஷம் வேணுமே, அது எங்கிருந்து வருது? இங்கேதான் நம்ம கரை மறுபடி வருது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலி. 1976-ல் ரோமுலஸ் விட்டேகரும் சாய் விட்டேகரும் தொடங்கிய முதலைப் பண்ணை எல்லாருக்கும் தெரியும். அங்கேதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கமும் இருக்கு, 1978-லிருந்து.

14/
அதுக்கு முன்னால் இருளர்கள் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரமும் தடையானதும் பிழைப்பு போச்சு. அந்தத் திறமையையே உயிர் காக்கும் வேலையா மாத்தினதுதான் இந்தச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலையும் பிடித்து வந்து, சில வாரம் மண்பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, அடையாளம் இட்டு, மறுபடி காட்டிலேயே விடுறாங்க. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகுது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்ம மாவட்டத்துக்காரங்க.

15/
அந்த நாலில், தரையில் படுப்பவர் முதலில் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்குத்தான். பேரில்தான் விரியன், வகையில் அது நாகத்தின் சொந்தம். பகலில் பார்த்தால் சாது மாதிரி சுருண்டு கிடக்கும். ராத்திரிதான் நடமாட்டம். எலி, பல்லி, மற்ற பாம்புகளைத் தேடிக் குடிசைக்குள்ளும் வரும். உங்களைக் கடிக்கணும்னு வராதுங்க. நீங்க தூக்கத்தில் புரளும்போது கையோ தோளோ அது மேலே படும். அப்பத்தான் கடிக்கும்.

16/
அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. வீங்காது. பல் பட்ட இடமே தெரியாமல் போகலாம். எறும்பு கடிச்ச மாதிரி லேசா முழிச்சு, மறுபடி தூங்கிடுவாங்க. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல"ன்னு நினைப்பாங்க. அப்புறம் கண் இமை தூக்க வராது. பேச்சு குழறும். எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு. ராஜஸ்தானில் ராத்திரி வந்து தூங்குபவர் மூச்சைக் குடிக்கும் பாம்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூச்சை யாரும் குடிக்கல. மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பு முனைகளை விஷம் சிதைக்குது.

17/
ஒரு டாக்டரா நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. கட்டுவிரியன் கடித்து முழுசா முடங்கிய நோயாளி, பார்ப்பதற்கு மூளைச்சாவு அடைந்தவர் மாதிரியே இருப்பார். கண் பாப்பா விரிந்து, அசைவே இல்லாமல். ஆனா உள்ளே நினைவு இருக்கலாம், நீங்க பேசுவது கேட்கலாம். வெண்டிலேட்டரில் வைத்துப் பல நாள் காத்திருந்தால் நரம்பு முனைகள் மறுபடி வளரும், ஆளும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். சிதைந்துபோன நரம்பு முனையை விஷமுறிவு மருந்தால் சரி செய்ய முடியாது, அதனால்தான் அதைச் சீக்கிரம் கொடுக்கணும். "ஒண்ணும் இல்ல, காலையில் பார்த்துக்கலாம்" என்கிற ராத்திரிதான் ஆளைக் கொல்லுது.

18/
இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை சராசரியா வருஷத்துக்கு சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-லும், இந்திய அரசு 2024 தேசியச் செயல்திட்டத்திலும் இதைப் பெரிய பிரச்சினையா ஏத்துக்கிட்டாங்க. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

19/
இப்ப படுக்கைக்குத் திரும்புவோம். இந்தக் கரையில் நம்ம முன்னோர் ராத்திரிக்கு எப்படித் தயாரானாங்க? திண்ணை, கயிற்றுக் கட்டில், களத்துமேட்டில் பரண், குழந்தைக்குத் தூளி. எல்லாத்திலும் ஒரு பொது அம்சம் இருக்கு, தரையிலிருந்து உயரம். வசதி இல்லாதவங்களுக்குக் கோரைப்பாய். பாய் வியர்வைக்கு நல்லது, முதுகுக்கு நல்லதுன்னு சொல்லலாம். ஆனா ஊர்ந்து வருவதுக்கு அது தடையே இல்ல.

20/
வெள்ளைக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையா சென்னையில் ஒரு பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னர் பேரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனதே, அது மாமல்லபுரத்துக்கு மேற்கே ஒட்டித்தான் போகுது. சிற்பம் பார்க்க வந்தவங்க சென்னையில் ராத்திரி படகேறி, படுத்துத் தூங்கி, காலையில் இங்கே இறங்குவாங்க. ஸ்லீப்பிங் பேக்கைக் கண்டுபிடிச்ச நாட்டுக்காரங்க இந்தியாவில் முகாம் போட்டபோது எடுத்துட்டுப் போனது மடக்குக் கட்டிலும் கொசுவலையும்தான். ஊருக்குத் தகுந்த படுக்கை.

21/
1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை சொகுசாக இருந்த வலை அதுக்கப்புறம் மருத்துவக் கருவி ஆச்சு. இன்னொரு ஆச்சரியம் பின்னால் தெரிஞ்சது. தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, கொசுவலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடியும் வெகுவாகக் குறைவு என்று காட்டியது. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிய வலை, பாம்புக்கும் சுவர்தான்.

22/
மூணாவது எதிரி கண்ணுக்கே தெரியாது. புதர்க்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச்சிறிய உண்ணிப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்த படைகளை இது படாத பாடு படுத்தியது. சீருடையில் பூச்சிமருந்து தேய்ப்பது அப்ப வந்த வழக்கம். தமிழ்நாட்டில் மழைக்காலமும் அதை ஒட்டிய குளிர்மாதங்களும்தான் இதுக்குச் சீசன். புல்தரையில் படுத்து எழுந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் புண் இருந்தால் டாக்டரிடம் "வெளியில் தரையில் படுத்தேன்"னு கட்டாயம் சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் என்கிற சாதாரண மாத்திரையே போதும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

23/
சரி டாக்டர், அப்ப என்னதான் வாங்குறது? செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம்னா:
• அடிப்பாகம் சேர்த்துத் தைத்த, ஜிப் முழுசா மூடும், வலை ஜன்னல் வைத்த கூடாரம். ஜிப்பை எப்பவும் மூடியே வையுங்க. முடிஞ்சா மடக்குக் கட்டில்.
• கூடாரம் இல்லேன்னா கட்டிலும் ஓரம் செருகிய கொசுவலையும்.
• போர்த்திக்க ஒரு பருத்திப் போர்வை. பை வேணும்னே ஆசைப்பட்டா, முழுசாப் பிரித்துப் போர்வையாக்கும் மெல்லிய செயற்கை நார் பை. இறகு வைத்தது வேண்டாம், இந்த ஈரக்காற்றில் இறகு நனைந்து அமுங்கினால் சூடு பிடிக்காது, லேசில் காயவும் காயாது.
• காலையில் பையைச் சுருட்டிக் கட்டி வையுங்க, ராத்திரி உதறிவிட்டு விரிங்க. ஷூவும் அப்படியே.
• சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்தில் வைக்காதீங்க. எலி வரும், பின்னாலேயே அதைத் தின்பதும் வரும்.
• ராத்திரி ஒண்ணுக்குப் போனாலும் டார்ச், ஷூ.

24/
இமயமலைக்குப் போறவங்களுக்குக் கதை வேற. அங்கே குளிர்தான் எமன். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகாவிலிருந்து போன குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்ததை மறக்காதீங்க. பையில் இருக்கும் சர்வதேச முத்திரையில் மூணு எண் இருக்கும். முதல் எண் 'கம்ஃபர்ட்', சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. இரண்டாவது 'லிமிட்', சராசரி ஆண் சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கும் எல்லை. மூணாவது 'எக்ஸ்ட்ரீம்', சுமார் 6 மணி நேரம் உயிர் தாங்கலாம் என்கிற கணக்கு, அப்பவும் உறைகடி வரலாம். கடைக்காரர் பெரும்பாலும் பெருமையாகக் காட்டுவது மூணாவதை. நீங்க பார்க்க வேண்டியது முதல் எண்ணை. போகும் இடத்தின் ராத்திரிக் குளிரைவிட அது சில டிகிரி குறைவாக இருக்கட்டும். அடியில் நல்ல மெத்தை விரிப்பும் வேணும். உங்க எடையில் அமுங்கிய பக்கத்தில் காற்று இருக்காது, தரை உங்க சூட்டை உறிஞ்சிடும்.

25/
கடிச்சுட்டா, அல்லது கடிச்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே: கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, பாம்பைத் தேடிப் பிடிக்காதீங்க. கை கால் அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி, 108-க்குப் போன் போட்டு, நேரா அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். இந்தப் பகுதியில் வெண்டிலேட்டர் வசதியோடு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாத வயிற்று வலியோடும் இமை தொங்கியும் எழுந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்க. அறிகுறி இல்லேன்னாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கணும்.

26/
கடைசியா ஒண்ணு. நமக்குத் தரையில் படுப்பது ரெண்டு நாள் சுற்றுலா. செங்கல்சூளைத் தொழிலாளிக்கும், மில் காவலாளிக்கும், கரும்பு வெட்ட வந்து வயலோரம் தங்கும் குடும்பத்துக்கும் அது தினசரி ராத்திரி. நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தரும் இருளர் சமூகத்திலும் பல குடும்பங்கள் இன்னும் தாழ்ந்த குடிசையில் மண்தரையில்தான் படுக்குறாங்க. நீங்க வாங்க நினைச்ச ஜீரோ டிகிரி பையின் விலையில் ஒரு கயிற்றுக் கட்டிலும் நல்ல கொசுவலையும் வாங்கி, மிச்சமும் இருக்கும். உங்க தோட்டத்திலோ கட்டடத்திலோ யாராவது தரையில் படுக்குறாங்கன்னா, இந்த மழைக்கு முன்னால் அதை வாங்கிக் கொடுத்துடுங்க. இந்த இழையையும் அவங்க வீட்டுப் பிள்ளைங்க போனுக்கு அனுப்பி வையுங்க.